கம்ப்யூட்டர் கேமை முதன்முறையாகக் காசு கொடுத்து வாங்கப் போகிறீர்களா? சேலத்துக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

காலேஜ் சேர்ந்து புது லேப்டாப் கைக்கு வந்ததும் பையன்கள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, கேம் எங்க கம்மியா கிடைக்கும்?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு எடுக்கப் போனால் நம் வீட்டுப் பெண்கள் டிசைனைக் கையில் எடுப்பதற்கு முன்பே "டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு, நாளைக்குத் திருப்பிக் கொண்டு வந்தா எடுத்துக்குவீங்களா" என்று கேட்டுவிடுவார்கள். கேம் வாங்கும்போதும் அதையேதான் கேட்க வேண்டும்: நாளைக்கு ஒரு சிக்கல் வந்தால் விற்றவன் பொறுப்பேற்பானா? இந்தக் கேள்விக்கு நேரான பதில் இல்லாத இடத்தில் 99 ரூபாய்கூட அதிகம்தான்.

கம்ப்யூட்டர் சென்டரிலும் சர்வீஸ் கடையிலும் ஹார்ட் டிஸ்க் நிறைய கேம் காப்பி போட்டுக்கொண்டு வந்து விளையாடிப் பழகிய ஊர் இது. முதன்முறையாகக் காசு கொடுத்து வாங்குபவருக்குத் தடுமாற்றம் இருப்பது இயல்புதான். வரிசையாகப் போவோம்.

வாங்குவது என்ன?

நீங்கள் காசு கொடுப்பது கேமுக்கு என்று நினைப்பீர்கள். உண்மையில் கிடைப்பது, அந்த கேமை உங்கள் அக்கவுண்ட்டில் வைத்து விளையாடும் உரிமம் மட்டும். கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளம் 2024 அக்டோபரிலிருந்து காசு கட்டும் பக்கத்திலேயே இதை வெளிப்படையாக எழுதிக் காட்டுகிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் டிஜிட்டல் பொருள் விற்பவர்களுக்காகக் கொண்டுவந்த சட்டத்தை ஒட்டி வந்த மாற்றம் அது.

விளையாடி முடித்த பிறகு விற்க முடியாது, பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தூக்கிக் கொடுக்கவும் முடியாது. இன்டர்நெட் வழியாக நிறுவனத்தின் சர்வரோடு இணைந்தால்தான் ஓடும் கேம் என்றால் இன்னும் மோசம். யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனத்தின் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வரை 2024 மார்ச் 31-ஆம் தேதி நிறுத்தினார்கள். முழு விலை கொடுத்து வாங்கியவர்களாலும் அதன் பிறகு அதைத் திறக்க முடியவில்லை. அதனால்தான் கேமைவிட அக்கவுண்ட் முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கேம் போனால் ஒரு கேம் போகும். அக்கவுண்ட் போனால் மொத்தமும் போகும்.

முதல் படி: உங்கள் மெஷினில் ஓடுமா?

விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு ஆங்கில எழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடித்து எண்டர் தட்டுங்கள். ப்ராசசர் பெயரும் ரேம் அளவும் முதல் பக்கத்திலேயே இருக்கும். 'டிஸ்ப்ளே' பக்கத்தில் கிராபிக்ஸ் பெயர் இருக்கும். அங்கே இன்டெல் பெயர் மட்டும் இருந்து என்விடியா, ஏஎம்டி இரண்டும் எங்கும் இல்லையென்றால், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை என்று பெரும்பாலும் முடிவு செய்துகொள்ளலாம்.

இந்த விவரத்தை கேம் பக்கத்தின் அடியில் இருக்கும் 'மினிமம்', 'ரெகமெண்டட்' பட்டியலோடு ஒப்பிடுங்கள். மினிமம் என்பது ஏதோ ஓடும் என்ற கணக்கு. நிம்மதியாக விளையாட ரெகமெண்டட் அளவைத்தான் பார்க்க வேண்டும். 8 ஜிபி ரேமும் இன்டெல் கிராபிக்ஸும் உள்ள காலேஜ் லேப்டாப்பில் பெரிய கேம் வாங்கிவிட்டு "ஸ்லைடு ஷோ மாதிரி ஓடுது" என்று புலம்புபவர்கள்தான் அதிகம். அந்த லேப்டாப்பில் அழகாக ஓடும் கேம்கள் எத்தனையோ இருக்கின்றன. 'ஸ்டார்டியூ வேலி' கேட்பது 500 எம்பி இடம்தான்.

இடமும் டேட்டாவும் கூடவே யோசிக்க வேண்டியவை. 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' 150 ஜிபி கேட்கும். தினம் இரண்டு ஜிபி தரும் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி அதை வாங்குவதில் அர்த்தமில்லை. ஏற்காட்டில் எஸ்டேட் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு யோசனை: கீழே சேலம் வரும்போது சொந்தக்காரர் வீட்டு பிராட்பேண்டில் டவுன்லோட் முடித்து, கேமை ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு, ஸ்டீமை ஆஃப்லைன் மோடில் (இன்டர்நெட் இல்லாமல் ஓடும் நிலையில்) போட்டுக்கொண்டு மேலே ஏறுங்கள். தனி ஆளாக விளையாடும் கேம்களில் பெரும்பாலானவை அப்படியே ஓடும்.

ஹாஸ்டல்காரர்களுக்கு இன்னொன்று. ஒரே வைஃபையில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரில் அந்த கேம் ஏற்கெனவே இருந்தால், இன்டர்நெட்டிலிருந்து இறக்காமல் அங்கிருந்தே நகலெடுக்கும் வசதியை 2023-இல் ஸ்டீம் கொண்டுவந்தது. இருவரும் கேமை வாங்கியிருக்க வேண்டும், செட்டிங்கில் நண்பர்களுக்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். பென் டிரைவில் காப்பி போட்ட காலத்தின் நியாயமான வடிவம் இதுதான்.

இரண்டாம் படி: அக்கவுண்ட் தொடங்குவது

காலேஜ் கொடுத்த இமெயிலில் கேம் அக்கவுண்ட் தொடங்காதீர்கள். படிப்பு முடிந்ததும் அந்த முகவரியை மூடிவிடுவார்கள். பாஸ்வேர்டு மறந்த அன்றைக்கு ஓடிபி போய்ச் சேர இடம் இருக்காது. சொந்த இமெயில் போடுங்கள், அந்த இமெயிலுக்கே முதலில் இரண்டு கட்டப் பாதுகாப்பை (பாஸ்வேர்டோடு போனிலிருந்து ஒரு உறுதியும் கேட்பது) இயக்குங்கள். பிறகு கேம் அக்கவுண்ட்டுக்கு வேறெங்கும் பயன்படுத்தாத ஒரு பாஸ்வேர்டு.

ஸ்டீம் என்றால் போனில் அதன் ஆப்பைப் போட்டு 'ஸ்டீம் கார்டு' (Guard, காவல்) என்ற பாதுகாப்பை இயக்க வேண்டும். அப்போது ஆர் எழுத்தில் தொடங்கும் ஒரு மீட்புக் குறியீடு தருவார்கள். அதை அதே போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் போன் தொலையும்போது அதுவும் சேர்ந்து தொலையும். நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். அக்கவுண்ட்டில் நாடு இந்தியா என்று இருக்கட்டும்.

புது ஸ்டீம் அக்கவுண்ட்டில் நண்பர்களைச் சேர்க்க முடியவில்லையே என்று பதற வேண்டாம். 5 டாலர் அளவுக்கு எதையாவது வாங்கும் வரை சில வசதிகளை அவர்கள் பூட்டித்தான் வைத்திருப்பார்கள். மோசடிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் அக்கவுண்ட் திறப்பதைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு.

13 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் ஸ்டீமில் சொந்தமாக அக்கவுண்ட் தொடங்கக் கூடாது.

மூன்றாம் படி: எங்கே வாங்குவது

ஸ்டீம், வால்வ் நிறுவனத்துடையது, 2003-இல் தொடங்கியது. 2015 முதல் ரூபாயில் விலை காட்டுகிறது, யுபிஐ ஏற்கிறது. புதிதாக வருபவர் இங்கேயே தொடங்கலாம். தேர்வு அதிகம், ரீஃபண்ட் விதி தெளிவு. எபிக் கேம்ஸ் ஸ்டோர் 2018 டிசம்பரில் வந்தது. வியாழன்தோறும் இலவசமாக கேம் கொடுப்பார்கள். ஒரு முறை எடுத்து அக்கவுண்ட்டில் சேர்த்துவிட்டால் அது உங்களுடையதாகவே இருக்கும். காசு செலவழிக்கும் முன் சில வாரம் இதில் பழகிப் பார்ப்பது நல்லது என்பது என் கட்சி.

ஜிஓஜி என்ற தளத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் நம் ஊரில் குறைவு. கேமை ஓட்டவிடாமல் தடுக்கும் பூட்டு எதுவும் இல்லாமல், இன்ஸ்டாலரையே கையில் கொடுத்துவிடுவார்கள். அதை ஹார்ட் டிஸ்கில் சேமித்து வைத்தால் நாளைக்குத் தளமே மூடினாலும் தனி ஆட்டம் ஓடும். பழைய கேம்களை விரும்புபவர்கள் அங்கே போங்கள். சின்னச் சின்னக் குழுக்கள் செய்யும் கேம்களுக்கு இட்ச் டாட் ஐஓ. பல கேம்களுக்கு 'விரும்பியதைக் கொடுங்கள்' என்றுதான் விலையே இருக்கும்.

எக்ஸ்பாக்ஸின் கேம் பாஸ் மாத வாடகை. சந்தா நின்றால் அதில் இருந்த கேம்களும் நிற்கும். பரீட்சை விடுமுறையில் ஒரு மாதம் எடுத்து நிறைய விளையாடிவிட்டு நிறுத்துபவர்களுக்கு லாபம். வருடம் முழுக்க ஓடவிட்டு மறந்துபோகிறவர்களுக்கு நஷ்டம்.

ஹம்பிள் பண்டில், ஃபனாட்டிக்கல், க்ரீன் மேன் கேமிங் போன்ற கடைகள் கேம் நிறுவனங்களிடமிருந்தே முறையாக 'கீ' வாங்கி விற்பவை. கீ என்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு. அதை ஸ்டீமில் அடித்தால் கேம் உங்கள் லைப்ரரியில் (உங்கள் கேம்களின் பட்டியலில்) வந்துவிடும். இவற்றில் வாங்கலாம். ஆனால் வெளியில் வாங்கிய கீக்கு ஸ்டீம் பணம் திருப்பித் தராது, விற்ற கடையின் விதிதான் செல்லும்.

நான்காம் படி: எங்கே வாங்கக் கூடாது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகவே படியுங்கள். புதியவர்கள் காசைத் தொலைப்பது பெரும்பாலும் இங்கேதான்.

இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் "ஆஃப்லைன் ஆக்டிவேஷன்" என்ற பெயரில் 3,000, 4,000 ரூபாய் கேமை 99, 149 ரூபாய்க்குக் கொடுப்பதாக விளம்பரம் வரும். அம்மாபேட்டைப் பையன் ஒருவன் என்னிடம் காட்டியதை அப்படியே சொல்கிறேன். ஜிபேயில் 149 ரூபாய் அனுப்பியிருக்கிறான். விற்றவன் ஒரு ஸ்டீம் ஐடியும் பாஸ்வேர்டும் அனுப்பினான். "லாகின் பண்ணுங்க ப்ரோ, கோடு நான் தர்றேன், டவுன்லோட் முடிஞ்சதும் ஆஃப்லைன் போட்டுருங்க, அப்புறம் ஆன்லைன் வரவே கூடாது." கேம் ஓடியது. "ஓடுதுல்ல அண்ணா, அப்புறம் என்ன?" என்று கேட்டான்.

ஓடுகிறதுதான். ஆனால் நடந்தது என்ன? விற்பவன் ஒரு காப்பி வாங்கி, அந்த ஒரே அக்கவுண்ட்டை நூறு பேருக்கு வாடகைக்கு விடுகிறான். அக்கவுண்ட்டைப் பிறருக்கு விற்பதும் பகிர்வதும் ஸ்டீமின் ஒப்பந்தத்துக்கு எதிரானது. அப்டேட் வந்தால் போட முடியாது, ஆன்லைன் ஆட்டம் கிடையாது, விண்டோஸ் மறுபடி போட்டால் போச்சு. அவன் பிளாக் செய்துவிட்டால் கேட்க நாதி கிடையாது. அந்தப் பையன் லைப்ரரியில் இன்றைக்கும் ஒரு கேம்கூட இல்லை, 149 ரூபாய் மட்டும் இல்லாமல் போயிருக்கிறது. இன்னும் சிலர் "ஒரு ஃபைலை ஓட்டுங்க, ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க" என்பார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் சாட் ஜன்னலை மூடிவிடுங்கள்.

அடுத்தது முழு அக்கவுண்ட் விற்பனை. "200 கேம் இருக்கு, ரெண்டாயிரம் ரூபாய்." பாஸ்வேர்டு, இமெயில் எல்லாம் மாற்றிக் கொடுப்பான். சில வாரம் கழித்து முதலில் அந்த அக்கவுண்ட்டைத் தொடங்கியவன் பழைய பில் விவரத்தைக் காட்டி சப்போர்ட்டில் முறையிட்டால் அக்கவுண்ட் அவனிடமே போய்விடும். விற்றவனே அதைச் செய்வதும் உண்டு, திருட்டு அக்கவுண்ட்டாக இருந்தால் உண்மையான சொந்தக்காரர் செய்வதும் உண்டு. இரண்டிலும் உங்களுக்கு நியாயம் கேட்க வழி இல்லை, காரணம் விதியை மீறி வாங்கியது நீங்களும்தான்.

யார் வேண்டுமானாலும் கீ விற்கலாம் என்று வைத்திருக்கும் சந்தைத் தளங்கள் மூன்றாவது. தளம் பெரியதாக, அழகாக இருக்கும். விற்பவன் யாரென்று தெரியாது. திருடிய கார்டில் வாங்கிய கீகள் இப்படிப்பட்ட சந்தைகளில் வந்து சேரும். கார்டின் சொந்தக்காரர் வங்கியில் புகார் செய்ததும் பணம் திரும்பிப் போகும், கேம் நிறுவனம் அந்தக் கீயைச் செல்லாதாக்கும், உங்கள் லைப்ரரியிலிருந்து கேம் காணாமல் போகும். எல்லாக் கீயும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். நீங்கள் வாங்கும் கீ எந்த வகை என்று வாங்கும்போது தெரியாது என்பதுதான் சிக்கல்.

விபிஎன் (வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டும் மென்பொருள்) போட்டு துருக்கி, அர்ஜென்டினா விலையில் வாங்கும் வித்தையை இன்னும் யூடியூபில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2023 நவம்பரிலேயே அந்த இரு நாடுகளின் விலையையும் ஸ்டீம் டாலருக்கு மாற்றிவிட்டது. நாட்டை மாற்ற அந்த நாட்டின் பேமெண்ட் முறையும் வேண்டும். இந்திய விலையே பல கேம்களுக்கு அமெரிக்க விலையைவிடக் குறைவாக இருக்கும்போது இந்த வேலை வெட்டி வேலை.

கிராக் செய்த, அதாவது பூட்டை உடைத்துப் பரப்பும் கேம்களைப் பற்றி நீதிபோதனை செய்யப் போவதில்லை. ஒன்று மட்டும்: அதே லேப்டாப்பில்தான் நெட்பேங்கிங் திறக்கிறீர்கள், அதே பிரவுசரில்தான் இமெயில் லாகின் இருக்கிறது. பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும் வைரஸ்களுக்கு கிராக் ஃபைல்கள் பிடித்தமான வாகனம்.

ஐந்தாம் படி: கேம் பக்கத்தைப் படிப்பது

பெயரைப் பார்த்ததும் வாங்கும் பட்டனை அமுக்காதீர்கள். ஒரே கேமுக்கு ஸ்டாண்டர்டு, டீலக்ஸ், அல்டிமேட் என்று மூன்று விலை இருக்கும். முதலில் ஸ்டாண்டர்டு போதும். டீலக்ஸில் வருவது பெரும்பாலும் உடுப்பும் பாட்டும்தான். 'டிஎல்சி' என்று எழுதியிருந்தால் அது கூடுதல் பகுதி. மூல கேம் இல்லாமல் அது ஓடாது. தள்ளுபடியில் 200 ரூபாய்க்குக் கிடைத்தது என்று டிஎல்சியை மட்டும் வாங்கிவிட்டு முழிப்பவர்கள் உண்டு. 'ஏர்லி ஆக்சஸ்' என்றால் கேம் இன்னும் முடியவில்லை, முடியாமலே போகலாம். இன்றிருக்கும் நிலையிலேயே பிடித்தால் வாங்குங்கள்.

வலது பக்கத்தில் சின்ன எழுத்தில் வரும் பெட்டிகளைத் தவறாமல் படியுங்கள். தனியாக விளையாடலாமா, ஆன்லைன் மட்டுமா? இஏ, யூபிசாஃப்ட் போன்ற வேறு நிறுவன அக்கவுண்ட் வேண்டுமா? விண்டோஸின் ஆழத்தில் போய் உட்காரும், கள்ள ஆட்டத்தைத் தடுக்கும் ஆன்டி-சீட் மென்பொருள் உண்டா? இவையெல்லாம் அங்கேதான் இருக்கும்.

விமர்சனங்களில் மொத்தச் சதவீதத்தைவிடச் சமீபத்திய விமர்சனங்களைப் பாருங்கள். நன்றாக இருந்த கேமை ஒரு அப்டேட் கெடுத்திருக்கலாம். எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடியிருக்கிறார் என்பதும் பக்கத்திலேயே இருக்கும்.

முதல் கேமாக எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் 'வெண்பா'வைச் சொல்வேன். கனடாவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. 1980-களில் அங்கே குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பு நோட்டு, இட்லியிலிருந்து தொடங்கும் புதிர்கள். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு கொடுக்கும் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. பெரிய கிராபிக்ஸ் கார்டு கேட்காது. ஆனால் சின்ன கேம். ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். முழுக்க விளையாடிவிட்டு ரீஃபண்ட் கேட்க விதியில் (எட்டாம் படியில் வரும்) இடமிருந்தாலும் கேட்காதீர்கள். அந்த கேமை உருவாக்கியவர்கள் ஒரு சின்னக் குழு.

ஆறாம் படி: எப்போது வாங்குவது

அவசரமே வேண்டாம். ஸ்டீமின் கோடைத் தள்ளுபடி ஜூன் கடைசியில் வரும், நம் ஊர் மாம்பழ வரத்து குறையத் தொடங்கும் நேரம். குளிர்காலத் தள்ளுபடி டிசம்பர் கடைசியில். வேண்டிய கேமை விஷ்லிஸ்ட்டில் போட்டுவைத்தால் விலை இறங்கும்போது மெயில் வரும். ஸ்டீம்டிபி என்ற தளத்தில் ஒவ்வொரு கேமும் ரூபாயில் இதுவரை எவ்வளவு குறைந்த விலைக்குப் போயிருக்கிறது என்ற வரைபடம் கிடைக்கும். '75 சதவீதம் தள்ளுபடி' என்ற பச்சைப் பெட்டியைவிட அந்த வரைபடம் உண்மையைச் சொல்லும்.

வெளிவராத கேமுக்கு முன்கூட்டியே பணம் கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. டிஜிட்டல் பொருள் தீர்ந்துபோகாது.

ஏழாம் படி: பணம் கட்டுவது

தட்டுவடை செட் கடையிலிருந்து பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரை க்யூஆர் கண்டதும் ஸ்கேன் செய்து பழகிவிட்ட கை நம்முடையது. இங்கே அந்தக் கையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். ஸ்டீமில் யுபிஐ தேர்ந்தெடுத்தால் பணம் கட்டுவதை உங்கள் யுபிஐ ஆப்பில்தான் முடிக்க வேண்டும். பின் போடுவதற்கு முன் இரண்டைப் பாருங்கள்: தொகை பைசா சுத்தமாகப் பொருந்துகிறதா, பெயர் யாருடையது. நிறுவனத்தின் பெயரோ பேமெண்ட் நடத்தும் கம்பெனியின் பெயரோ இருக்கும். ஒரு தனி ஆளின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. "ரீஃபண்ட் அனுப்புகிறேன், பின் போடுங்கள்" என்பவன் திருடன்.

டாலரில் விலை காட்டும் தளத்தில் கார்டு நிராகரிக்கப்பட்டால் கார்டு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச்சிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புது கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும். வங்கி ஆப்பில் நீங்களே திறக்க வேண்டும். உச்சவரம்பு சிறிதாக வைத்துத் திறந்து, வாங்கி முடித்ததும் மூடிவிடுங்கள். வெளிநாட்டு நாணயக் கட்டணம் தனியாகச் சேரும் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

இன்னொரு வழி, தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் கேமுக்கான தொகையை மட்டும் போட்டு அதை யுபிஐயில் இணைப்பது. அப்பாவின் சம்பளக் கணக்கு இணைந்த போனை எடுத்து விளையாட்டுக்குப் பணம் கட்டும் பழக்கம் எந்த வீட்டிலும் நல்லபடி முடிவதில்லை.

வீட்டில் "ஆன்லைன் கேமா? ரம்மியா?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியது. நீங்கள் வாங்குவது அது இல்லை என்பதை கேம் பக்கத்தைக் காட்டியே விளக்கிவிடலாம். வீட்டுக்குள் பகிர ஸ்டீம் ஃபேமிலி என்ற வசதி உண்டு, ஆறு பேர் வரை. பிள்ளை கேட்கும் கேமுக்குப் பெற்றோர் தங்கள் அக்கவுண்ட்டிலிருந்து ஒப்புதல் கொடுத்துப் பணம் கட்டலாம். ஹாஸ்டல் நண்பர்களோடு இதை அமைக்காதீர்கள்: ஒரே வீட்டாருக்கானது, விலகினால், முந்தைய குடும்பத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடம் ஆகும் வரை அடுத்த குடும்பத்தில் சேர முடியாது. உங்கள் காப்பியில் தம்பி கள்ள ஆட்டம் ஆடி மாட்டினால் அந்த கேமில் தடை உங்களுக்கும்தான்.

எட்டாம் படி: வாங்கிய முதல் இரண்டு மணி நேரம்

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், விளையாடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் காரணம் எதுவானாலும் பணம் கேட்கலாம். எபிக்கிலும் பெரும்பாலான கேம்களுக்கு இதே அளவு. ஜிஓஜியில் 30 நாள். அந்த இரண்டு மணி நேரத்தைக் கதையில் மூழ்கிக் கரைக்காதீர்கள். செட்டிங்கில் போய் கிராபிக்ஸ் அளவை மாற்றிப் பாருங்கள், கண்ட்ரோலர் வேலை செய்கிறதா, லேப்டாப் எவ்வளவு சூடாகிறது, நடுவில் மூடிக்கொள்கிறதா என்று சோதியுங்கள். கேமைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் நேரம் ஓடும்.

சரியில்லையா? ஸ்டீம் சப்போர்ட் பக்கத்தில் உங்கள் கொள்முதல் பட்டியலைத் திறந்து, அந்த கேமைச் சொடுக்கி, ரீஃபண்ட் வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, ஒரு வரி காரணம் எழுதினால் போதும். பணம் வந்த வழியில் திரும்பும்; அந்த வழியில் திருப்ப முடியாவிட்டால் ஸ்டீம் வாலட்டில் சேரும்.

ஒன்பதாம் படி: அக்கவுண்ட்டைக் காப்பது

கொஞ்சம் கேம் சேர்ந்ததும் டிஸ்கார்டு என்ற சாட் ஆப்பில் தெரியாதவர்கள் பேச வருவார்கள். "எங்கள் டீமுக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று ஒரு லிங்க். அல்லது "தவறுதலாக உங்கள் அக்கவுண்ட்டை ரிப்போர்ட் செய்துவிட்டேன், இந்த வால்வ் அதிகாரியிடம் பேசுங்கள்." வால்வ் ஊழியர் யாரும் டிஸ்கார்டில் வந்து பேசமாட்டார். இந்தச் செய்தி உங்கள் நண்பனின் பெயரிலேயே வரலாம், அவன் அக்கவுண்ட் நேற்றுப் போயிருக்கும். போன் போட்டுக் கேளுங்கள்.

லிங்க்கைத் திறந்தால் 'ஸ்டீம் மூலம் உள்நுழை' என்று ஒரு சின்ன ஜன்னல் எழும். மேலே முகவரி, பூட்டுப் படம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். அந்த ஜன்னலின் தலைப்பைப் பிடித்து பிரவுசருக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். நிஜ ஜன்னல் டெஸ்க்டாப்பில் எங்கு வேண்டுமானாலும் நகரும். போலி பிரவுசரின் ஓரத்தில் முட்டி நின்றுவிடும், ஏனென்றால் அது பக்கத்துக்குள் வரைந்த படம். க்யூஆர் காட்டி ஸ்டீம் ஆப்பில் ஸ்கேன் செய்யச் சொன்னாலும் ஜாக்கிரதை. நீங்களே முகவரி அடித்துத் திறந்த ஸ்டீம் பக்கத்தில் தவிர வேறெங்கும் அந்த ஸ்கேன் வேண்டாம்.

கை மீறிப் போய்விட்டால்

உங்களுக்குத் தெரியாமல் பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். இது தேசிய சைபர் குற்ற உதவி எண். சைபர் கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசுத் தளத்திலும் புகார் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு. அடுத்த அழைப்பு வங்கிக்கு: கார்டையோ யுபிஐயையோ நிறுத்தச் சொல்லி, புகார் எண்ணை எழுதி வாங்குங்கள். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆள் புகுந்து எடுத்த பணம் என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்புச் சுமை இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இல் விதி கொண்டுவந்தது. பின்னையோ ஓடிபியையோ நீங்களே கொடுத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைப்பது கஷ்டம். இருந்தாலும் புகாரைத் தள்ளிப்போடாதீர்கள்.

அக்கவுண்ட் போயிருந்தால் முதலில் இமெயிலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகு ஸ்டீம் சப்போர்ட்டில் 'அக்கவுண்ட் திருடப்பட்டது' என்ற வழியில் போங்கள். சொந்தக்காரர் நீங்கள்தான் என்று நிரூபிக்க அவர்கள் கேட்பது பழைய கொள்முதல் விவரம்: பில் மெயில், யுபிஐ பரிவர்த்தனை எண், கேமைப் பெட்டியாக வாங்கியிருந்தால் அதில் வந்த கீயின் படம். ஆகவே கேம் வாங்கியதும் வரும் மெயில்களை அழிக்காமல் இன்றே தனியாக ஒரு ஃபோல்டர் போட்டு அதில் தள்ளி வையுங்கள்.